டொலினா பாசி வாரிய ஞாயிற்றுக்கிழமை

ஆரிகிளாஸ் ஊருக்குக் கிழக்கே, அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டியெடுக்கும் வரப்புகளைத் தாண்டிப் போனால், எது தரை எது தண்ணீர் என்று அடித்துச் சொல்ல முடியாத ஒரு வெளி தொடங்கும். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலேயே பிறந்து வளர்ந்த ஆண்பிள்ளைகள்கூட அங்கே கோலை ஊன்றித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்கள். டொலினா கோல் எடுத்துப் போனதில்லை. நாற்பத்தாறு வயதில், பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு அவள் அந்தச் சதுப்பில் போவதைப் பார்த்தால் தூக்கத்தில் நடப்பவள் மாதிரி இருக்கும். கால் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளும், உடம்பு பின்னாலேயே போகும். காலை மூடுபனி இடுப்புவரை ஏறி நின்றுவிட்ட நாட்களில் அவளுடைய கீழ்ப்பாதி காணாமல் போய்விடும். மேல்பாதி மட்டும் முதுகில் ஒரு கூடையோடு வெள்ளை வெளியில் மிதந்துகொண்டிருக்கும்.

அவள் தேடிப் போனது பாசியை. தலையணை மாதிரி உப்பி வளரும் சதுப்புப் பாசி. வெளிர்பச்சை நிறம், ஓரத்தில் வைக்கோல் சாயல். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒரு செம்புத் தண்ணீர் கொட்டும். விரல்களைத் தளர்த்தினால் மூச்சு இழுப்பதுபோல் மறுபடி உப்பிக்கொள்ளும். அதை உலர்த்தி, குச்சியும் சருகும் பொறுக்கி, மஸ்லின் பைகளில் தளர்வாக அடைத்துக் காயத்தின்மேல் வைத்துக் கட்டினால், பஞ்சு ஒரு மடங்கு ரத்தம் குடித்தால் இது நாலு மடங்கு குடிக்கும். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறாம் வருஷம். பஞ்சையெல்லாம் வெடிமருந்துக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். ஜூலை மாதத்திலிருந்து பிரான்ஸிலிருந்து வரும் கப்பல் ஒவ்வொன்றிலும் காயம்பட்ட பிள்ளைகள் அடுக்கடுக்காக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆரிகிளாஸிலிருந்து முப்பத்தொரு பேர் போருக்குப் போயிருந்தார்கள். பாதிப் பேர் கடற்படை, மீதிப் பேர் சீஃபோர்த் படைப்பிரிவு. அவர்கள் பெயர்களெல்லாம் தேவாலயக் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தன. ஊரில் மிஞ்சியிருந்த பெண்கள் உருளைக்கிழங்கு தோண்டினார்கள், மாடு பார்த்தார்கள், கரிமண் சுமந்தார்கள், நடந்துகொண்டே காலுறை பின்னினார்கள். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலத்தில் பள்ளிக்கூட மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்து பாசி பொறுக்கினார்கள். மேஜைக்கு மேலே கொடி, கொடிக்குப் பக்கத்தில் ராஜா படம், அதற்கும் பக்கத்தில் குண்டூசி குத்திய பிரான்ஸ் தேச வரைபடம். எல்லாவற்றுக்கும் பொறுப்பு பள்ளிக்கூட வாத்தியார் மனைவி ஆக்னஸ். எடின்பரோக்காரி. ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் மழைக்குக் குடை விரிப்பதை அவள் நிறுத்தவில்லை. காற்றும் அவள் குடையைத் திருப்பிப் போடுவதை நிறுத்தவில்லை.

டொலினாவின் ஒரே மகன் ரோரி சீஃபோர்த்தில் இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து வந்த கடிதத்தை அவள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துவந்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"‘ஒரு கூடாரத்துல நம்ம பாசிப் பைய அடுக்கி வச்சிருந்தாங்கம்மா. இது எங்கம்மா அனுப்பினதுன்னு சொன்னேன். எல்லாரோட அம்மாவும் கேக் அனுப்புறா, உங்கம்மா மட்டும் சேறு அனுப்புறாளாடான்னு கேட்டானுங்க.’"

பெண்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது டொலினாவின் நாத்தனார் பெய்கி.

"கேக் தின்னா வயிறுதான் ரொம்பும் மதினி. நம்ம சேறு உசிரக் காப்பாத்தும்னு பதில் எழுது."

டொலினா அப்படியே எழுதினாள். ஆனால் அந்தச் சிரிப்பு நடுவிலும் அவளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. ரோரி போய்ப் பதினாலு மாதம். விழித்திருந்த ஒரு நிமிஷத்திலும் அந்தப் பயம் அவளை விட்டு எழுந்து போனதில்லை. பால் கறக்கும்போது பக்கத்தில் குந்தியிருக்கும். கஞ்சி கிண்டும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும். தேவாலயத்தில் அவளோடு சேர்ந்து எழுந்து நிற்கும், சேர்ந்து உட்காரும்.

அவள் கதை அப்படியொன்றும் பெரிய கதை அல்ல. பதினாறு வயதில் மீன் அறுக்கும் வேலைக்குப் போனாள். ஹெர்ரிங் மீன் எந்தக் கடலில் போகிறதோ அந்தக் கடலோரம் கப்பலோடு கூடவே போகும் வேலை. வடக்கே லெர்விக்கில் தொடங்கி, குளிர்காலத்துக்கு முன்னால் தெற்கே யார்மத்தில் முடியும். மூன்று பெண்கள் ஒரு குழு. இரண்டு பேர் அறுக்க, ஒருத்தி பீப்பாயில் உப்புப் போட்டு அடுக்குவாள். கத்தியும் உப்பும் படாமல் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டு, நின்ற இடத்தில் நாள் முழுக்கப் பாடிக்கொண்டே அறுப்பார்கள். இருபத்துமூன்றில் ஈவனைக் கட்டிக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தாள். ரோரிக்கு இரண்டு வயது நடக்கும்போது ஒரு வசந்தகாலக் காலையில் ஈவனின் படகு அடிப்பக்கம் மேலாகக் கரைக்கு வந்தது. ஈவன் வரவில்லை.

அன்றைக்கு அவள் கடவுளோடு பேசுவதை நிறுத்தினாள். தேவாலயம் போவதை நிறுத்தவில்லை. ஆரிகிளாஸில் அது யாராலும் ஆகாத காரியம். இருபது வருஷமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வேதத்துச் சங்கீதங்கள் எல்லாம் பாடி, எல்லாப் பிரசங்கமும் கேட்டாள். அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து மேஜைக்கு மட்டும் போனதில்லை.

வயது வந்துவிட்டது என்பதற்காக அந்த மேஜைக்கு யாரும் போய்விட முடியாது. தனக்கு அழைப்பு வந்துவிட்டது என்று ஒருவர் உள்ளுக்குள் அறிந்து, போதகரிடம் சொல்லி, சபையின் மூப்பர்கள் முன்னால் நின்று பதில் சொல்லி, அவர்கள் கையால் ஒரு சின்ன ஈய வில்லையை வாங்கவேண்டும். அந்த வில்லையைக் கொடுத்தால்தான் மேஜையில் இடம். அந்த அழைப்பு வராமலே செத்துப்போனவர்கள்தான் ஊரில் அதிகம். பெய்கி முப்பது வயதில் பக்கத்து வீட்டில் உப்புக் கேட்பதுபோல் கேட்டு வாங்கிக்கொண்டாள். டொலினாவுக்கு ஆசை இருந்தும் அப்படி வரவில்லை. உள்ளே கோபத்தின் அடிக்கசடு கிடந்தது. அதோடு போய் உட்காருவது திருட்டு என்று பட்டது.

ரோரி போன பிறகு அந்தக் கசடு எப்போது கரைந்தது என்று அவளுக்கே தெரியாது. மகனுக்காகக் கேட்டுக் கேட்டு, கடவுளோடு பேசாமல் இருந்தவள் பேச ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் சதுப்பில் பாசியைப் பிழிந்துகொண்டிருக்கும்போது, அழைப்பு வந்தாகிவிட்டது, தான்தான் கவனிக்கவில்லை என்று தோன்றியது. செப்டம்பர் மாதத் திருவிருந்துக்கு வருவதாகப் போதகரிடம் போய்ச் சொன்னாள். போதகர் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இருபது வருஷம் ஆசைப்பட்டதற்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

அந்தக் கோடை முழுக்க மழை. வாரிவந்த பாசி கரிமண் மேட்டில் ஹெதர் புதர்களின்மேல் பரப்பிய இடத்திலேயே நனைந்து நனைந்து கிடந்தது. திருவிருந்துக்கு முந்திய வாரம் வியாழக்கிழமை திடீரென்று வெயில் அடித்தது. வெள்ளியும் அடித்தது. சனிக்கிழமையும் அடித்தது. கடல்காற்று மேட்டின்மேல் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. பாசி வெளுத்து, எடை போய், உள்ளங்கையில் வைத்தால் வைத்ததே தெரியாதபடி ஆகியது. திங்கள் காலையில் வண்டி வரும். அன்று மத்தியானம் கப்பல்.

சனிக்கிழமை பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது பெண்கள் மேட்டில் கூடி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது. அடியில் இன்னும் ஈரம்.

"இப்படியே சாக்குல கட்டினா உள்ள சூடாகிப் பூஞ்சை புடிச்சிரும்," என்றாள் டொலினா. "இன்னும் ஒரு நாள் காத்து வேணும்."

"நாளைக்கு ஓய்வுநாளாச்சே, ஒரு வேலையும் ஆகாதே," என்றாள் பெய்கி.

"நாம ஒண்ணும் செய்யப் போறதில்லையே. பாசி பாட்டுக்குக் கெடக்கட்டும். காத்து பாட்டுக்கு அடிக்கட்டும்."

"காத்து ஓய்வுநாள்ல வேல செஞ்சா அது காத்தோட பாவம்னு சொல்றியா?"

"என் மாமியார் சனிக்கிழமை ராத்திரி சேவலக் கூடையப் போட்டு மூடி வச்சிருவாங்க, ஞாயித்துக்கிழமை கோழிய வெரட்டக்கூடாதுன்னு," என்றாள் ஒருத்தி. "காத்த எந்தக் கூடையப் போட்டு மூடுறது?"

ஆக்னஸ் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். "மழை வந்தா என்ன பண்றது? ஆஸ்பத்திரியிலேர்ந்து ரெண்டாவது தடவையா எழுதியிருக்காங்க. வேணும்னா நாளைக்கு நானே வந்து..."

எங்கோ ஒரு மாடு கத்தியது. கடைசியில் பெய்கிதான் வாயைத் திறந்தாள்.

"உங்க எடின்பரோவுல ஞாயித்துக்கிழமை டிராம் ஓடுதாமே வாத்தியாரம்மா?"

"ஓடுது."

"அதனாலதான் அங்க மழை பெய்யுது."

"இங்க மட்டும் பெய்யலையா?"

"இங்க பெய்யுறது சாதாரண மழை."

ஆக்னஸே சிரித்துவிட்டாள். பாசியை மேட்டிலேயே விட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். சாக்குகளை மட்டும் மடித்து, பக்கத்தில் இருந்த பழைய மேய்ச்சல் குடிசைக்குள் வைத்தார்கள்.

ஞாயிறு காலையும் வெயிலாகத்தான் விடிந்தது. தேவாலயம் போகும் பாதை மேட்டை ஒட்டித்தான் போகிறது. கறுப்பு உடுப்பில் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி அந்த வெளுத்த பரப்பைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சங்கீதத்துக்கு அடியெடுத்துக் கொடுத்தவர் மூப்பர் ஃபின்லே. ஆறடிக்கு மேல் உயரம். செருப்புத் தைக்கிறவர். அவர் மகன் அலஸ்டர் போன வருஷம் லூஸ் சண்டையில் இறந்து போனான். செய்தி வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் அடியெடுத்தார். ஊரில் யாராவது ஓய்வுநாளில் தண்ணீர் மொண்டால்கூட அவர் காதுக்கு வந்துவிடும் என்பார்கள்.

பிரசங்கம் இரண்டு மணி நேரம். முதல் மணி நேரத்தில் ஜன்னல் கண்ணாடி நீலமாக இருந்தது. இரண்டாவது மணி நேரத்தில் அதன் கீழ்மூலையில் ஒரு சாம்பல் நிறம் வந்து, கொஞ்சங் கொஞ்சமாக ஏறியது. டொலினா போதகரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் ஒன்றும் ஏறவில்லை. சாம்பல் நிறம் கண்ணாடியின் பாதிக்கு வந்தது. முக்காலுக்கு வந்தது.

வெளியே வந்தபோது காற்று திசை மாறி அட்லாண்டிக் பக்கமிருந்து அடித்தது. மழையின் வாசனை முன்னால் வந்துவிட்டது. ஜனங்கள் வழக்கம்போல் மெதுவாக நடந்தார்கள். ஓய்வுநாளில் ஓடக்கூடாது. மேட்டின் ஓரம் வந்ததும் டொலினா நின்றாள்.

"வா மதினி," என்றாள் பெய்கி.

டொலினா குனிந்து செருப்பின் கயிற்றை அவிழ்த்தாள்.

"மதினி, வேண்டாம். வெள்ளிக்கிழமை நீ மூப்பருங்க முன்னால நிக்கணும். இருபது வருஷம்."

"தெரியும்."

"எல்லாரும் பாக்குறாங்க."

"தெரியும் பெய்கி. நீ போ. என் பக்கத்துல நின்னா உனக்கும் சேர்த்துப் பேசுவாங்க."

தொப்பியைக் கழற்றிச் செருப்புக்குள் திணித்து ஒரு கல்லின்மேல் வைத்தாள். காலுறையையும் கழற்றினாள். பிறகு பாதையை விட்டு இறங்கினாள். பின்னால் நடை சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. யாரும் கூட வரவுமில்லை.

முதல் சாக்கு நிரம்பும்வரை அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் போகிற ஊர். வெள்ளிக்கிழமை. ஈய வில்லை. ரோரி. பெயர் தெரியாத பிள்ளைகள், அவர்கள் விலாவில் வைத்துக் கட்டப்போகிற பை. இதெல்லாம் நினைத்து நினைத்துத்தான் வாரினாள். இரண்டாவது சாக்கில் மூச்சு வாங்கியது. அப்புறம் என்ன ஆயிற்று என்று அவளால் பிற்பாடு கோவையாகச் சொல்ல முடியவில்லை.

காற்று மேட்டின்மேல் ஏறி வந்து காய்ந்த பாசியைக் கொத்துக் கொத்தாகத் தூக்கியது. அது பனி மாதிரி அவளைச் சுற்றிப் பறந்தது. அவள் கையை விரித்து ஓடி ஓடிப் பிடித்தாள். வானம் தாழ்ந்து வந்து வேலை செய்கிறவள் தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தத் துணிக்கும் தரைக்கும் நடுவே மேற்கில் ஒரு மஞ்சள் வெளிச்சம் கசிந்து, ஒவ்வொரு புல்நுனியையும் தனித்தனியாகக் காட்டியது. வாருகிற கை தானாக வாரியது. கால் தானாகப் போனது. கைக்கு இந்த வேகம் பழக்கம்தான், யார்மத்தில் நிமிஷத்துக்கு முப்பது மீன் அறுத்த கை. பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிற மாதிரி இருந்தது. உப்பு வாசனை வந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயதாயிற்று. எதற்காக வாருகிறோம் என்பது போய்விட்டது. வாருவது மட்டும் இருந்தது. வாயில் ஒரு பாட்டு இருந்தது. அது எப்போது வந்தது என்று தெரியவில்லை. நல்ல சத்தமாகவே பாடிக்கொண்டிருந்தாள்.

முதல் பெருந்துளி கன்னத்தில் விழுந்தபோது பதினொரு சாக்கு குடிசைக்குள் இருந்தது. மூன்று சாக்குப் பாசி மேட்டில் நனைந்துபோயிற்று. குடிசையின் வாசலில் சாய்ந்து, மழை சதுப்பின்மேல் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நினைவு வந்தது. ரோரி. ஒரு மணி நேரமாக அவன் நினைப்பே இல்லை. பயம் அவளைவிட்டு எங்கேயோ போயிருந்தது. நினைத்த மாத்திரத்தில் அது திரும்பி வந்து, நனைந்த நாய் மாதிரி அவள் காலடியில் உட்கார்ந்தது.

திங்கட்கிழமை வண்டிக்காரர் பதினொரு சாக்கையும் ஏற்றிக்கொண்டு போனார். ஆக்னஸ் அவள் தோளைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். வேறு யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பேசாமைதான் ஊரின் கண்டனம் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் போதகரும் நான்கு மூப்பர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் ஒரு கறுப்புத் துணிப்பை. வில்லைகள் அதற்குள்தான். டொலினா நின்றாள். இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டாள்.

போதகர் மென்மையாக ஆரம்பித்தார். "டொலினா, போன ஓய்வுநாள் நடந்தது எங்க எல்லாருக்கும் தெரியும். அவசியத்துக்கும் இரக்கத்துக்கும் செய்யுற வேலைக்கு அந்த நாள்லயும் அனுமதி உண்டு. காயம்பட்டவங்களுக்காகச் செஞ்சது இரக்கம்தான். நீ அப்படின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நாங்க அத ஏத்துக்குறோம்."

கடை வைத்திருந்த மூப்பர் தொண்டையைச் செருமினார். "பாட்டுச் சத்தம் கேட்டதா சொல்றாங்க."

"சங்கீதமாத்தான் இருக்கும்," என்றார் போதகர் அவசரமாக.

"இல்லீங்க ஐயா," என்றாள் டொலினா. "யார்மத் பாட்டு. மீன் அறுக்கும்போது பாடுறது."

"சரி, அதுல ஒண்ணும் கெட்ட வார்த்த..."

"ரெண்டு வரி இருக்குங்க ஐயா. இங்க சொல்ல முடியாது."

ஒரு மூப்பர் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஃபின்லே மட்டும் அசையவில்லை. போதகர் மறுபடி முயன்றார்.

"பாட்டு போகட்டும். மனசுல இரக்கம் இருந்துச்சா இல்லையா, அதச் சொல்லு."

இருந்தது என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. அந்தத் துணிப்பை ஒரு கை தூரத்தில் இருந்தது. இருபது வருஷமாகக் கனவில் வாங்கி வாங்கி அந்த வில்லையின் எடைகூட அவளுக்குத் தெரியும்.

"முதல் சாக்குக்கு இருந்துச்சுங்க," என்றாள். "ரெண்டாவதுக்கும் கொஞ்சம் இருந்துச்சு. அப்புறம் இல்ல. அப்புறம் நான் எனக்காகத்தான் செஞ்சேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ரோரி போனதுலேர்ந்து அப்படி இருந்ததே இல்ல. ஒரு மணி நேரம் எனக்கு அவன் ஞாபகமே வரல ஐயா. சண்ட நடக்குறதே ஞாபகம் இல்ல. இத இரக்கம்னு சொல்லி உங்ககிட்ட வில்லைய வாங்கினா அது பொய். பொய் சொல்லி வாங்கினா அந்த அப்பம் எனக்குத் தொண்டையில எறங்காது."

போதகர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். வில்லை கிடைக்காது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தலை தாழ்த்திவிட்டுத் திரும்பப் போனாள்.

"நில்லு," என்றார் ஃபின்லே.

அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"ஒரு மணி நேரமா?"

"ஆமா மூப்பரே."

"முழுசா?"

"மழை வர்ற வரைக்கும்."

ஃபின்லே தன் பெரிய கைகளை மேஜையின்மேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியும் நூலும் கீறிய கைகள். "நான் ஒரு வருஷமா ஜெபம் பண்றேன்," என்றார். "ராத்திரியும் பகலும் அதையேதான் கேக்குறேன். பையன் நெனப்பில்லாம ஒரு கால் மணி நேரம்கூட எனக்குக் கெடைக்கல." பிறகு போதகர் பக்கம் திரும்பினார். "அந்த ஒரு மணி நேரத்த அவ எடுத்துக்கல ஐயா. அவளுக்குக் குடுக்கப்பட்டிருக்கு. எந்த நாள்ல குடுக்கணும்னு குடுக்குறவருக்கு நாம சொல்ல முடியாது."

அவரே பையை அவிழ்த்தார். வில்லை ஒன்றை எடுத்து மேஜையின் இந்த ஓரம்வரை விரலால் தள்ளினார். கடைக்கார மூப்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஃபின்லே அவரைப் பார்த்த பார்வையில் அது உள்ளேயே நின்றுவிட்டது.

டொலினா எடுத்துக்கொண்டாள். எடை கனவில் இருந்ததைவிடக் குறைவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணி விரித்த நீள மேஜையில், பெய்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வானம் பிளக்கும் என்று எதிர்பார்த்திருந்தாளோ என்னவோ, அப்படி எதுவும் நடக்கவில்லை. அப்பம் அப்பமாகத்தான் இருந்தது. காற்றில் உதடு வெடித்த இடத்தில் திராட்சை ரசம் பட்டு எரிந்தது. பெய்கி யாருக்கும் தெரியாமல் மேஜைக்குக் கீழே அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். பயம் அன்றைக்கும் கூடவே வந்து, கூடவே உட்கார்ந்து, கூடவே எழுந்தது. அதற்கும் இந்த மேஜையில் இடம் உண்டு போலும் என்று டொலினா நினைத்தாள். அந்த நினைப்பு மட்டும் புதிது.

திங்கள் நன்றி ஆராதனையும் முடிந்து, செவ்வாய்க்கிழமை காலை அவள் சதுப்புக்குப் போனபோது வரப்பின் முனையில் ஃபின்லே நின்றுகொண்டிருந்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். வெயிலே படாத வெள்ளைக் கால்கள். கையில் ஒரு காலிச் சாக்கு. ஆண்பிள்ளை, அதுவும் மூப்பர், பாசி வார வந்ததை ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"செருப்புத் தைக்க ஒண்ணும் இல்ல இன்னிக்கு," என்றார்.

"அப்படியா மூப்பரே."

"தோலு வரல."

"சரிங்க மூப்பரே."

அதற்கு மேல் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. சாக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "எங்க வாரலாம்னு காட்டு."

மூடுபனி இன்னும் முழுசாக விலகவில்லை. டொலினா முன்னால் நடந்தாள். "நான் மிதிச்ச எடத்துலயே மிதிங்க. செவப்பா இருந்தா எடுக்காதீங்க, அது ஆகாது. நல்லாப் பிழிஞ்சுட்டுச் சாக்குல போடுங்க, இல்லேன்னா முதுகு போயிரும்." பெரிய உடம்பு பின்னால் தடுமாறி வருவது கேட்டது. பாசி தடிமனாக வளர்ந்திருந்த ஒரு பள்ளத்தருகே நின்று கையால் காட்டினாள். தரை கெட்டியான இடம், யார் நின்றாலும் அமிழாது. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் அந்தப் பச்சைக்குள் விட்டார்.

டொலினா நிமிர்ந்து காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கன்னத்தில் பார்த்தாள். பிறகு அவர் பாடினாலும் அழுதாலும் தன் காதில் விழாத பக்கமாக, நூறு அடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு வார ஆரம்பித்தாள்.